இண்டிஆத் நூலகம் திருப்பித் தரும் முகவரியை அப்படியே நம்பலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சொந்த டொமைனில் வலைப்பதிவு எழுதும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு தளத்தை நான் பராமரித்து வருகிறேன். ஒருவர் பதிவுக்கு மற்றவர் குறிப்பு எழுதுவதும் மாதம் ஒரு முறை தொகுப்பு வெளியிடுவதும்தான் அங்கே நடக்கும் வேலை. இதுவரை பயனர் பெயர், கடவுச்சொல் என்ற பழைய முறையே இருந்தது. மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி வாரத்துக்கு ஒருவராவது எழுதுவார். எல்லோருக்கும் சொந்த முகவரி இருக்கும்போது அந்த முகவரியையே அடையாளமாகக் கொள்ளலாமே என்று எண்ணி இண்டிஆத் முறைக்கு மாற முடிவு செய்தேன்.

தளம் பிஎச்பியில் எழுதப்பட்டது. ஆரன் பரெக்கி எழுதிய இண்டிஆத் கிளையன்ட் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். பிஎச்பி நூலகங்களை நிறுவித் தரும் கம்போசர் கருவி வழியாக நிறுவாமல், சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த வேறொரு வேலையில் இருந்த கோப்புகளை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயனர் தம் முகவரியை உள்ளிட்டதும் 'பிகின்' என்ற செயற்கூறு அவருடைய பக்கத்தைப் படித்து, அவர் இன்னார் என்று சான்று சொல்லும் அனுமதி சர்வர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே அனுப்ப வேண்டிய முகவரியைத் தருகிறது. அவர் அங்கே ஒப்புதல் அளித்துத் திரும்பியதும் 'கம்ப்ளீட்' என்ற செயற்கூறு மற்றதைப் பார்த்துக்கொண்டு, இறுதியில் 'மீ' என்ற புலத்தில் அவருடைய முகவரியைக் கொடுக்கிறது. என் பங்குக்கு நான் எழுதியது முப்பது வரி கூட இருக்காது.

இப்போது இரண்டு சிக்கல்கள் வந்துள்ளன. முதலாவது, என் முகவரியைக் கொண்டு நான் நுழையும்போது ஒரு முறையும் தவறியதில்லை. மற்றவர்கள் முயலும்போது, ஒப்புதல் அளித்துத் திரும்பி வரும் கட்டத்தில் 'ஸ்டேட் பொருந்தவில்லை' என்ற பிழை வருகிறது (அனுப்பும்போது செஷனில் சேமித்து, திரும்பும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் தற்காலிகச் சரமே ஸ்டேட்). பக்கத்தை மீண்டும் ஏற்றினாலும் பயனில்லை. நிரலில் அவர்களுக்கும் எனக்கும் எந்த வேறுபாடும் கிடையாது.

இரண்டாவதைத்தான் முக்கியமாகக் கேட்க விரும்புகிறேன். சோதனைக்காக ஸ்டேட் சரிபார்ப்பைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தபோது, ஒரு நண்பர் தம் டொமைனை மட்டும் உள்ளிட்டார். திரும்பி வந்த 'மீ' புலத்தில் அந்த டொமைனுடன் ஒரு சாய்கோடும் அவருடைய பெயரும் சேர்ந்திருந்தன. உள்ளிட்ட முகவரியும் திரும்பி வந்த முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்ததால் அவர் வெளியே தள்ளப்பட்டார். நூலகமே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தானே முகவரியைத் தருகிறது, நான் எழுதிய நிபந்தனையை எடுத்துவிட்டு, வருவதை அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. இதில் ஆபத்து உண்டா?


மறுமொழி 1

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். உங்கள் நிபந்தனை தவறானது. அதை எடுத்துவிடுவது சரியே. ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட்டால் உங்கள் தளத்தில் யார் வேண்டுமானாலும் யாராகவும் நுழையலாம்.

ஒரு தாக்குதலைப் படிப்படியாகப் பார்ப்போம். கெட்ட எண்ணம் உள்ள ஒருவரிடம் சொந்த டொமைன் ஒன்று இருக்கிறது. தம் முகப்புப் பக்கத்தில் உள்ள லிங்க் குறியில், தம்முடைய அனுமதி சர்வர் இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதி, அந்த இடத்தில் தாமே எழுதிய ஒரு நிரலை ஓட விடுகிறார். பிறகு உங்கள் தளத்துக்கு வந்து தம் சொந்த முகவரியையே உள்ளிடுகிறார். உங்கள் நூலகம் அவருடைய பக்கத்தைப் படித்து, அவருடைய சர்வருக்கு அவரை அனுப்புகிறது. அந்த சர்வர் ஒரு குறியீட்டுடன் அவரைத் திருப்பி அனுப்புகிறது. ஸ்டேட் பொருந்துகிறது, ஏனென்றால் நீங்கள் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தந்திருக்கிறது. உள்நுழைவைத் தொடங்கிய நிரலே குறியீட்டைக் கொண்டுவருகிறதா என்று பார்க்கும், 'பிக்ஸி' என்று உச்சரிக்கப்படும் பிகேசிஇ சோதனையும் தேறிவிடுகிறது, ஏனென்றால் அதைச் சோதிப்பதே அவருடைய சர்வர்தான். அடுத்து உங்கள் நிரல் அந்தக் குறியீட்டை அவருடைய சர்வரிடம் கொடுத்து 'இது யார்' என்று கேட்கிறது. அது உங்கள் முகவரியைப் பதிலாகத் தருகிறது. அவர் இப்போது நிர்வாகியாக உள்ளே இருக்கிறார். யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை, எந்தக் குறியாக்கமும் உடைக்கப்படவில்லை.

இண்டிஆத்துக்கு அடிப்படையான ஓஆத் 2.0 முறையை வரையறுத்த ஆர்எஃப்சி 6749 என்ற இணைய ஆவணம் வெளிவந்தது 2012 அக்டோபரில். அந்த முறையை வழக்கமாகப் பயன்படுத்தும்போது எந்த சர்வரை நம்புகிறோம் என்பதை நிரலை எழுதுபவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பொத்தானை வைக்கிறோம், அந்த நிறுவனத்தின் சர்வர் சொல்வதை ஏற்கிறோம். இண்டிஆத் முறையில் அப்படிப்பட்ட முன்முடிவு எதுவும் இல்லை. எந்த சர்வரிடம் போக வேண்டும் என்பதை உள்ளே வருபவரே சொல்கிறார். ஆகவே ஸ்டேட், பிகேசிஇ ஆகிய இரண்டும் இங்கே வேறு வேலைக்கானவை. வழியில் யாரும் குறுக்கிட்டுக் குறியீட்டை மாற்றவோ திருடவோ கூடாது என்பதற்காக அவை இருக்கின்றன. எதிரில் இருக்கும் சர்வரே பொய் சொன்னால் அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது.

சரியான சோதனை இதுதான். திரும்பி வந்த முகவரி, நீங்கள் முதலில் படித்த முகவரியிலிருந்து வேறுபட்டால், அந்தப் புதிய முகவரியில் உள்ள பக்கத்தை உங்கள் நிரல் தானாகச் சென்று படிக்க வேண்டும். அந்தப் பக்கம் எந்த அனுமதி சர்வரைத் தன்னுடையது என்று அறிவிக்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போது பதில் சொன்ன சர்வரும் அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும். மேலே சொன்ன தாக்குதலில் உங்கள் பக்கம் அந்தக் கெட்டவருடைய சர்வரை அறிவிக்காது என்பதால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். உங்கள் நண்பரைப் பொறுத்தவரை, டொமைனின் முகப்பும் அவர் பெயர் தாங்கிய பக்கமும் ஒரே சர்வரை அறிவிக்கும் என்பதால் அவர் தடையின்றி உள்ளே வருவார். பேச வந்தவர் ஒருவரின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டால், அவர் யாருக்காகப் பேசுகிறாரோ அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம் அல்லவா, அந்த வழக்கம்தான் இது.

இங்கே பழைய கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டதாக நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் குறிப்பாக வெளியிட்ட இண்டிஆத் ஆவணத்தில், உள்ளிட்ட முகவரியும் திரும்பி வந்த முகவரியும் ஒரே டொமைனில் இருந்தால் போதும் என்ற விதியே இருந்தது. மேலே நான் விவரித்த விதி அதன் பிறகு, ஆவணம் தொடர்ந்து திருத்தப்பட்டு வந்தபோது இடம்பெற்றது. உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்து நகல் என்று பாருங்கள். 'கம்ப்ளீட்' செயற்கூறின் கடைசிப் பகுதியை நீங்களே ஒரு முறை வாசியுங்கள். டொமைன்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிந்தால் அது பழையது. புதிய முகவரியை மீண்டும் படித்து சர்வரை ஒப்பிட்டால் அது புதியது.


மறுமொழி 2

முதல் சிக்கலுக்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். உங்கள் சொந்த வலைப்பதிவும் இந்தக் கூட்டுத் தளமும் ஒரே டொமைனின் கீழ் இரண்டு துணை டொமைன்களாக இருக்கின்றனவா? அப்படியென்றால், உங்களுக்கு மட்டும் தவறாமல் வேலை செய்வதற்குக் காரணம் அதுவே.

வந்தவர் யார் என்று உங்கள் தளம் நினைவில் கொள்ள உதவும் செஷன் குக்கியில் 'சேம்சைட்' என்ற பண்பு 'ஸ்ட்ரிக்ட்' என்று வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். பாதுகாப்புக்கு நல்லது என்று எங்கோ படித்துப் பலரும் அப்படி வைத்துவிடுகிறார்கள். ஸ்ட்ரிக்ட் என்றால், வேறொரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் எந்தக் கோரிக்கையுடனும் உலாவி அந்தக் குக்கியை அனுப்பாது. உங்கள் நண்பர் தம் சர்வரில் ஒப்புதல் பொத்தானை அழுத்தியதும் அங்கிருந்து உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். உலாவியின் பார்வையில் அது வெளித்தளத்திலிருந்து வரும் கோரிக்கை. குக்கி வராததால் பிஎச்பி அவரைப் புதியவராகக் கருதி வெறுமையான ஒரு செஷனைத் திறக்கிறது. அதில் முன்பு சேமித்த ஸ்டேட் இல்லை. நீங்கள் முயலும்போது உங்கள் அனுமதி சர்வரும் அதே டொமைனின் கீழ் இருப்பதால் உலாவி அதை உள்தளமாகவே கணக்கிடுகிறது.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை, இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நண்பர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் பக்கம் மாறினாலும் பதிவுகள் அழியாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். முகவரியை உள்ளிட்டு அனுப்பிய முதல் கோரிக்கையின் பதிலில் வரும் செஷன் எண்ணின் முதல் நான்கு எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் கோரிக்கையைச் சொடுக்கி, அதன் கோரிக்கைத் தலைப்புகளில் குக்கி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. அதன் பதிலில் புதிய செஷன் எண் ஒன்றை உங்கள் சர்வர் கொடுத்திருக்கும், தாளில் உள்ளதுடன் அது பொருந்தாது. மீண்டும் ஏற்றினாலும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இந்தப் புதிய எண் பழைய குக்கியின் மேல் எழுதிவிடுவதுதான். ஸ்டேட் இருந்த செஷன் சர்வரில் அப்படியே கிடக்கும், ஆனால் அதன் சாவி உலாவியில் இருக்காது.

தீர்வு, அந்தப் பண்பை 'லாக்ஸ்' என்று மாற்றுவது. பிஎச்பி 7.3 முதல் செஷன் அமைப்புகளிலேயே இதற்கு இடம் உண்டு. வெளித்தளத்திலிருந்து இணைப்பின் வழியாகவோ திருப்பி அனுப்பப்பட்டோ முழுப் பக்கமாக வரும் சாதாரண கெட் கோரிக்கைக்கு லாக்ஸ் குக்கியை அனுப்பும். மறைமுகமாக அனுப்பப்படும் போஸ்ட் கோரிக்கைக்கு அனுப்பாது. நமக்கு வேண்டியது அதுவே. எரிச்சலில், வெளித்தளக் கோரிக்கைகள் எல்லாவற்றுடனும் குக்கியை அனுப்பும் 'நன்' என்று மாற்றிவிடாதீர்கள். ஸ்டேட் சரிபார்ப்பைச் சோதனைக்காக நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே மீண்டும் இயக்கிவிடுங்கள்.

டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டு உள்ள முகவரியில் படிவத்தைத் திறந்துவிட்டு, முன்னொட்டு இல்லாத முகவரிக்குத் திரும்பி வந்தாலும் இதே பிழை தோன்றும். குக்கி அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் உரியதாக இருக்கும் என்பதே காரணம். படிவத்தைக் காட்டும் முன்பே எல்லோரையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன். உள்நுழைவுப் பெட்டியில் யார் எந்த முகவரியை எழுதினாலும் உங்கள் சர்வர் அதை நேரில் சென்று படிக்கிறது. ஒருவர் 127.0.0.1 என்றோ, பல கிளவுட் சேவைகளில் இயந்திரத்தின் உள் விவரங்களைத் தரும் 169.254.169.254 என்றோ எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இண்டிஆத் விதிப்படி அடையாள முகவரியில் ஐபி எண்ணோ போர்ட் எண்ணோ பயனர் பெயரோ இருக்கக் கூடாது. ஆனால் எழுத்தளவில் பார்ப்பது மட்டும் போதாது, ஏனென்றால் நல்ல பெயருள்ள ஒரு டொமைனை உள் ஐபி எண்ணுக்குச் சுட்டி வைக்க எவராலும் முடியும். டொமைன் எந்த எண்ணுக்குப் போகிறது என்று பார்த்த பின்பும், ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்படும்போதும் சோதிக்க வேண்டும். படிக்கும் நேரத்துக்கும் அளவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். முகப்புப் பக்கத்தின் லிங்க் குறியைத் தேடுவதற்கு ஒரு மெகாபைட்டே தாராளம்.


கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஊகம் சரியே; என் வலைப்பதிவும் கூட்டுத் தளமும் ஒரே டொமைனின் இரண்டு கிளைகள்தாம். குக்கி அமைப்பில் ஸ்ட்ரிக்ட் என்றுதான் இருந்தது, எழுதியவனும் நான்தான். லாக்ஸ் என்று மாற்றியதும் இருவர் உடனே நுழைந்துவிட்டார்கள்.

என் நகலைத் திறந்து பார்த்தேன். டொமைன்களை ஒப்பிடுவதுடன் அது நின்றுவிடுகிறது. இதில் எனக்குத் தூக்கம் கெடும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் உறுப்பினர்களில் மூவருக்குச் சொந்த டொமைன் கிடையாது. ஒரு பொது சர்வரில், டில்டே (~) குறிக்குப் பின் தத்தம் பெயர் வரும் முகவரிகளில் அவர்கள் எழுதுகிறார்கள். மூவருக்கும் டொமைன் ஒன்றுதான்!

மேலும், புதிதாகச் சேர்ந்த ஒருவர் தமிழ் எழுத்திலேயே டொமைன் வைத்திருக்கிறார், முடிவும் .இந்தியா என்றே இருக்கிறது. அவர் நுழைந்தால், 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவை ஒன்று திரும்பி வருகிறது. என் உறுப்பினர் அட்டவணையில் தமிழிலேயே எழுதி வைத்திருப்பதால் அவரை அடையாளம் காண முடிவதில்லை.


மறுமொழி 1

அந்த மூவரில் எவரும் மற்ற இருவராக நுழைய முடியும் என்பதில் ஐயமில்லை. ஒருவர் தம் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்துத் தம்முடைய அனுமதி சர்வரைக் குறிப்பிட்டால் போதும். அது பக்கத்து வீட்டுக்காரரின் முகவரியைத் திருப்பித் தந்தாலும் டொமைன் ஒன்றே என்பதால் உங்கள் பழைய நகல் அதை ஏற்றுக்கொள்ளும். விதி மாற்றப்பட்டதன் நியாயம் உங்கள் தளத்திலேயே கண்கூடாக இருக்கிறது.

கம்போசர் வழியாக இன்றைய வடிவத்தை நிறுவுங்கள். புதிய வடிவங்கள் 'இண்டிஆத் மெட்டாடேட்டா' என்ற தனி ஆவணத்தையும் படிக்கும். அதில் 'இஷ்யூவர்' என்ற பெயரில் சர்வர் தன் அடையாளத்தை அறிவிக்கிறது. பயனர் திரும்பி வரும்போது ஸ்டேட்டுடன் 'ஐஎஸ்எஸ்' என்ற அளபுருவிலும் அதே பெயர் வர வேண்டும். 2022 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 9207 இதைப் பொது ஓஆத் முறைக்கும் வகுத்தது. பல சர்வர்களுடன் பேசும் நிரல் ஒன்றின் குறியீட்டை மற்றொன்றிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஏமாற்றப்படுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நீங்கள் பேசும் சர்வர்களில் எதையும் நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால் இது உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.


மறுமொழி 3

தமிழ் டொமைன் பற்றிய பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். இந்தத் தொல்லையை நெடுநாள் பட்டவன் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007-ஆம் ஆண்டில் உலக மொழிகள் சிலவற்றில் முழு டொமைன் பெயர்களைச் சோதித்துப் பார்க்க, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு ஏற்பாடு செய்தபோது, தமிழுக்குக் கிடைத்த சோதனைப் பெயர் 'உதாரணம்.பரிட்சை'. அன்று முதல் இன்று வரை வேலை செய்யும் விதம் மாறவில்லை. டொமைன் பெயர் அமைப்பு ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே அறியும். தமிழ்ப் பெயர் பியூனிகோடு என்ற முறையில் அந்த எழுத்துகளாக மாற்றப்படுகிறது. நீங்கள் கண்ட 'எக்ஸ்என்' கோவை அதுதான். .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்ற மூன்றும் உள்ளே அப்படித்தான் இருக்கின்றன. அட்டவணையில் சேமிக்கும்போது அந்தப் புரியாத வடிவத்தையே சேமியுங்கள். திரையில் காட்டும்போது தமிழாக மாற்றிக் காட்டுங்கள். பிஎச்பியின் இண்டில் நீட்சியில் இரு திசைக்கும் செயற்கூறுகள் உள்ளன. பயனர் உள்ளிட்டதையும் நூலகத்திடம் கொடுக்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இந்த வேலையைத் தமிழ் எழுத்துகளை நேரடியாக ஒப்பிட்டுச் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். ஒகர உயிர்மெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கொ' என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். முதலில் எகரக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு நீளமே வேறு. விசைப்பலகையைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். பியூனிகோடாக மாற்றும் செயற்கூறு முதலில் எழுத்துகளை ஒழுங்குபடுத்திவிடும் என்பதால் இரண்டும் ஒரே கோவையாகவே வெளிவரும். உங்கள் அட்டவணையில் உள்ள தமிழ்ச் சரம் அப்படி ஒழுங்குபட்டதா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஒழுங்குபடுத்தியும் தீராத சிக்கல் வேறு உண்டு. 'வேர்' என்ற சொல்லை வகர ஏகாரம், ரகர மெய் என்று சரியாக எழுதலாம். வகர ஓகாரத்தின் மேல் புள்ளி வைத்து 'வோ்' என்றும் சிலர் எழுதிவிடுகிறார்கள். காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம் என்பதால் படிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இந்தப் பிழை நிறைய இருப்பதைத் தட்டச்சு வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். ஔகாரமும் அப்படியே, 'ஔ' என்ற ஓரெழுத்துக்கும் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து வருவதற்கும் வேறுபாடு காண்பது அரிது. இவை உண்மையிலேயே வேறு வேறு டொமைன்கள். எனவே புதிய உறுப்பினரை நீங்கள் ஏற்கும் பக்கத்தில் தமிழ்ப் பெயருக்குக் கீழே 'எக்ஸ்என்' வடிவத்தையும் காட்டுங்கள். ஒருவர் உங்கள் பழைய உறுப்பினரைப் போலவே தோன்றும் பெயருடன் வந்தால் அந்த வரி காட்டிக்கொடுத்துவிடும்.

டொமைனுக்குப் பின் வரும் பாதையில் தமிழ் இருந்தால் பியூனிகோடு அங்கே பயன்படாது. ஒவ்வொரு யூனிகோடு எழுத்தும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று குறிகளாக எழுதப்படுவதால் ஓர் எழுத்துக்கு 9 குறிகள் ஆகின்றன. அவற்றில் உள்ள ஆங்கில எழுத்துகள் பெரியவையானாலும் சிறியவையானாலும் பொருள் ஒன்றுதான், ஆனால் சரங்களாக ஒப்பிட்டால் பொருந்தாது.


மறுமொழி 4

எல்லாம் சரி. ஆனால் ஏழெட்டுப் பேருக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. முகவரியை அடையாளமாகக் கொள்ளும் எண்ணம் புதிதல்ல. லைவ்ஜர்னல் வலைப்பதிவுச் சேவையில் இருந்த பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005-இல் ஓபன்ஐடி என்ற உள்நுழைவு முறையை வெளியிட்டபோதும் இதே கனவுதான் இருந்தது. மின்னஞ்சல் முகவரியை அடையாளமாகக் கொண்ட மோசில்லாவின் பெர்சோனா சேவை 2016 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதை நம்பியிருந்த தளங்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. உங்கள் உறுப்பினர் ஒருவர் டொமைனைப் புதுப்பிக்க மறந்து, வேறொருவர் அதை வாங்கினால், அந்த வேறொருவர் எந்தத் தடையும் இன்றி இவராகவே நுழைவார். நீங்கள் எழுதிய எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது.


மறுமொழி 1

டொமைன் கைமாறும் சிக்கல் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. பெர்சோனாவை இதனுடன் சேர்ப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அதன் வடிவமைப்பு பரவலானது என்றாலும், பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகள் அதில் இணையாததால் நடைமுறையில் மோசில்லாவே நடத்திய மாற்றுச் சேவைதான் எல்லோருக்கும் சான்றளித்தது. அந்த ஒரு சர்வர் நின்றதும் அனைத்தும் நின்றன. இங்கே ஒருவருடைய அனுமதி சர்வர் நின்றால் அவர் தம் பக்கத்தில் ஒரு வரியை மாற்றி வேறொரு சர்வரைக் காட்டிக்கொள்ளலாம், நம் தளத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ்ஸில் எழுதுபவர் அதற்கான செருகுநிரலை நிறுவித் தம் தளத்தையே அனுமதி சர்வராக்கிக்கொள்ளலாம்.

கைமாறும் சிக்கலுக்கு ப்ளூஸ்கை சமூக வலைத்தளத்தின் ஏடி புரோட்டகால் வேறு விடை வைத்திருக்கிறது. அங்கே டொமைன் வெறும் பெயர்ப்பலகை. அதன் பின்னால் மாறாத டிஐடி எண் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கைமாறினாலும் எண் மாறாது. இண்டிஆத் முறையில் அப்படிப்பட்ட எண் இல்லாததால், அதை உங்கள் அட்டவணையில் நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். உறுப்பினருக்குத் தளத்தின் சொந்த எண் ஒன்றைக் கொடுங்கள். அவர் சான்றளித்த முகவரிகளை வேறோர் அட்டவணையில், எந்த நாளில் எந்த சர்வர் சான்றளித்தது என்ற குறிப்புடன் வையுங்கள். நெடுநாள் வராதவர் திடீரென்று புதிய சர்வர் ஒன்றின் வழியாக வந்தால், உள்ளே விடும் முன் பழைய மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பிக் கேட்கலாம். எட்டுப் பேர் என்பது இந்த இடத்தில் வசதியே. தொலைபேசியில் கூப்பிட்டும் கேட்கலாம்.


கேள்வி கேட்டவர்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பழைய கோப்புகளை நீக்கிவிட்டு நூலகத்தைக் கம்போசர் வழியாக நிறுவினேன். சோதித்துப் பார்ப்பதற்காக டில்டே முகவரிக்காரர்களில் ஒருவர், மற்ற இருவரின் சம்மதத்துடன், பொய் சொல்லும் சர்வர் ஒன்றைத் தாமே எழுதினார். ஐம்பது வரிக்குள் முடிந்துவிட்டது என்று பெருமையுடன் சொன்னார். பழைய நகலில் முதல் முயற்சியிலேயே மற்றவர் பெயரில் நுழைந்தார், புதியதில் தடுக்கப்பட்டார்.

செஷன் எண்ணையும் தாளில் எழுதிப் பார்த்தோம். ஸ்ட்ரிக்ட் இருந்தபோது இரண்டு எண்கள், லாக்ஸ் ஆனபின் ஒன்றே. உள்நுழைவு முடிந்ததும் மட்டும் எண்ணை நானே வேண்டுமென்று மாற்றுகிறேன். திரும்பி வரும் பக்கத்தை மீண்டும் ஏற்றுபவர்களுக்கு ஒருமுறை பயன்படுத்திய குறியீடு செல்லாது என்ற பிழை வராமலிருக்க, உடனே முகப்புக்கு அனுப்பிவிடுகிறேன்.

அட்டவணையைப் பிரித்து எழுதும்போது ஒன்று தெரியவந்தது. ஒரே நண்பர் இரண்டு வரிசைகளில் இருக்கிறார். ஒன்றில் முகவரியின் முடிவில் சாய்கோடு உண்டு, மற்றொன்றில் இல்லை. டொமைனுக்குப் பின் ஒன்றுமில்லை என்றால் சாய்கோட்டைச் சேர்த்தே சேமிக்க வேண்டும் என்ற விதியை இப்போதுதான் ஆவணத்தில் பார்த்தேன். சாய்கோடு இல்லாத வரிசையில் அவர் எழுதிய பதினேழு குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை மற்றொன்றுக்கு மாற்றும் முன் அவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.